அன்றாட ஆங்கிலம்: நடந்து முடிந்ததைச் சொல்லும் விதம்

சென்ற இதழில் நிகழ்கால வினைகளைப் பார்த்தோம். இம்மாதம் இறந்தகாலம். ஆங்கிலத்தில் பேசத் துணிந்து வாய் திறக்கும் நம்மவரில் பலர் தடுமாறுவது இங்கேதான். தமிழ் ஒரு விதமாகவும் ஆங்கிலம் வேறு விதமாகவும் காலத்தைப் பகுப்பதனால் இந்தத் தடுமாற்றம் உண்டாகிறது. ஆகையால் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்யும்படி உங்களைக் கேட்கப்போவதில்லை. பள்ளியில் 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் பேசும்போது தவறுகிறார்கள். நம்முடைய தமிழ் எந்த இடத்தில் நம்மை வேறு வழியில் இழுத்துச் செல்கிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சாட்சியில் வரும் 'குடிப்பேன்'

பெங்களூரில் நம்முடைய சபைகள் பலவற்றில் கூட்டு ஆராதனை நாட்களில் சாட்சி சொல்பவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல, அருகில் நிற்கும் வாலிபப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்வது வழக்கம். ஒரு சகோதரர் எழுந்து நின்று, "இரட்சிக்கப்படுவதற்கு முன்பு நான் தினமும் குடிப்பேன், என் மனைவியை அடிப்பேன், சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் அறிந்த எவருக்கும் இதில் ஐயமில்லை. 'முன்பு' என்ற சொல் காலத்தைக் காட்டிவிட்டது. ஆனால் வினைச்சொற்களைப் பாருங்கள். குடிப்பேன், அடிப்பேன், கொண்டுவரமாட்டேன் ஆகிய மூன்றும் எதிர்கால வடிவங்கள்.

மொழிபெயர்க்கும் பிள்ளை அவசரத்தில், 'ஐ வில் ட்ரிங்க் டெய்லி, ஐ வில் பீட் மை வைஃப்' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? தமிழ் அறியாத விசுவாசி ஒருவர் பின்வரிசையில் இருந்து அதைக் கேட்டால், இந்த மனிதர் இனிமேல் தினமும் குடிக்கப்போவதாகவும் மனைவியை அடிக்கப்போவதாகவும் சபையார் முன்பாக அறிவிக்கிறார் என்றே விளங்கிக்கொள்வார். கர்த்தர் விடுவித்ததைச் சொல்ல எழுந்த சாட்சி, விடுதலையே இல்லாத சாட்சியாகிவிடும்.

தமிழில் எதிர்கால விகுதி, நாளை நடக்கப்போவதைக் காட்டுவதோடு நில்லாமல் வழக்கத்தையும் காட்டும். 'தாத்தா காலையில் நாலு மணிக்கே எழுந்திருப்பார்' என்றால், அவர் உயிரோடு இருந்தாலும் மரித்திருந்தாலும் அந்த வாக்கியம் பொருந்தும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. முன்பு வழக்கமாக இருந்து இப்போது நின்றுபோனதைச் சொல்ல அந்த மொழி தனியாக ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது. அதுதான் 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு ட்ரிங்க்' என்ற நான்கே சொற்களில், முன்பு குடித்தேன் என்பதும், இப்போது குடிப்பதில்லை என்பதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. சாட்சிக்கென்றே உண்டானதுபோன்ற வடிவம் இது. 'ஐ யூஸ்ட் டு பீட் மை வைஃப். ஐ நெவர் ப்ராட் மை சாலரி ஹோம்.' இவ்வளவு போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை. 'யூஸ்ட் டு' என்பதற்கு முன்னால் 'ஆம்' என்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். 'ஐ ஆம் யூஸ்ட் டு ட்ரிங்கிங்' என்றால், குடிப்பது எனக்குப் பழகிப்போயிற்று என்று பொருள். ஒரு சிறு சொல் நுழைந்தவுடன் சாட்சி தலைகீழாகிறது.

சாட்சியின் தொடக்கத்தில் வரும் இன்னொரு வாக்கியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'நான் வேலூரில் பிறந்தேன்' என்பதற்கு, 'ஐ ஆம் பார்ன் இன் வேலூர்' என்றும், 'ஐ பார்ன் இன் வேலூர்' என்றும் சொல்லக் கேட்கிறோம். தமிழில் பிறப்பது நாம் செய்யும் வினைபோல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது நமக்குச் செய்யப்பட்ட வினை. எனவே 'ஐ வாஸ் பார்ன்' என்றே வரவேண்டும். இரட்சிக்கப்பட்டதும் ஞானஸ்நானம் பெற்றதும் அப்படியே: 'ஐ வாஸ் ஸேவ்ட் இன் 2004, ஐ வாஸ் பாப்டைஸ்ட் இன் 2005.'

வடிவங்கள்

ஆங்கில வினைகளில் மிகப் பலவும் இறுதியில் 'ஈ, டி' என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலமாகிவிடும். எழுத்தில் தொல்லை இல்லை, உச்சரிப்பில்தான் இருக்கிறது. நம்மவர்கள் 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்', 'காலெட்' என்று ஒவ்வொன்றிலும் ஓர் எகரத்தை ஒலிக்கிறார்கள். அந்த எகரம் எழுத்தில் மட்டுமே உண்டு, வாயில் இல்லை. 'வாக்ட்', 'ஹெல்ப்ட்', 'கால்ட்', 'ப்ரேய்ட்', 'ஹீல்ட்' என்று ஒரே அசையாகச் சொல்ல வேண்டும். வினைச்சொல் ஏற்கெனவே 'டி' ஒலியிலோ அதன் வல்லோசையிலோ முடிந்தால் மட்டும் இன்னோர் அசை சேரும்: 'வான்ட்டிட்', 'நீடிட்', 'வெய்ட்டிட்'.

நம் பாடல்களிலும் ஜெபங்களிலும் அடிக்கடி வரும் ஒரு சொல் இந்த விதிக்குப் புறம்பாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். 'காட் ப்ளெஸ்ட் மீ' என்று வினையாக வரும்போது ஒரே அசை. 'ப்ளெஸ்ஸிட் ஸேவியர்' என்று இரட்சகரைக் குறிக்கும் அடைமொழியாக வரும்போது இரண்டு அசை. எழுத்து இரண்டிற்கும் ஒன்றே. பழங்காலத்தில் எல்லா வினைகளிலும் அந்த எகரம் ஒலித்தது. ஒரு சில அடைமொழிகளில் மட்டும் அது இன்றளவும் தங்கியிருக்கிறது.

இனி ஒழுங்கில்லாத வினைகள். ஏறத்தாழ இருநூறு என்று சொல்லலாம். 'இவ்வளவையும் எப்படி மனதில் வைப்பது?' என்று சோர்ந்துபோகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தினமும் பேசும் தமிழே இதைவிடக் கடினமானது. செய் என்பது செய்தான் ஆகிறது. ஓடு, ஓடினான் ஆகிறது. காண், கண்டான் ஆகிறது. வில், விற்றான் ஆகிறது. விடு என்பது விட்டான் என்றும், பெறு என்பது பெற்றான் என்றும் இரட்டிக்கிறது. த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளை நன்னூல் இறந்தகாலத்திற்குச் சொல்லுகிறது. ஒரு நூற்பாவும் படியாத குழந்தை இவற்றையெல்லாம் மூன்று நான்கு வயதிற்குள் பிழையின்றிப் பேசுகிறது, கேட்டுக் கேட்டுப் பழகியதனால். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் நம்முடைய வினைச்சொற்களை இப்படித்தான் கற்றார். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகிய அந்த ஜெர்மானியர், பத்தே ஆண்டுகளில், 1716-ல், லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தை ஹாலே நகரில் அச்சேற்றினார். நமக்கு 'கோ', 'வென்ட்' அவ்வளவு பெரிய மலையன்று.

கூட்டங்கூட்டமாகப் பழகினால் எளிதாகும். 'ப்ரிங்' என்பதற்கு 'ப்ராட்', 'திங்க்' என்பதற்கு 'தாட்', 'பை' என்பதற்கு 'பாட்', 'டீச்' என்பதற்கு 'டாட்', 'ஃபைட்' என்பதற்கு 'ஃபாட்'. இவை ஒரு குடும்பம். 'ஸிங், ஸாங்', 'ட்ரிங்க், ட்ராங்க்', 'பிகின், பிகான்', 'ரிங், ராங்' இன்னொரு குடும்பம். 'புட்', 'கட்', 'ஷட்', 'ஹர்ட்', 'காஸ்ட்' ஆகியவை மாறவே மாறா. 'ரீட்' மட்டும் எழுத்தில் மாறாமல் ஒலியில் மாறும்: 'நேற்று வேதம் வாசித்தேன்' என்பதை 'ஐ ரெட் த பைபிள் எஸ்டர்டே' என்று வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கில்லாதவையே. ஆனபடியால் பட்டியலை வைத்து உருப்போடுவதைவிட, தினமும் காதில் விழும் இருபது முப்பது வினைகளை முதலில் பிடித்துக்கொள்வது நலம்.

'கிங் ஜேம்ஸ்' ஆங்கில வேதாகமத்தை வாசிக்கும் பிரியமானவர்களுக்கும் ஒரு குறிப்பு. அது 1611-ல் வெளிவந்தது. அதில் வரும் 'ஸ்பேக்', 'ப்ரேக்', 'பிகாட்' ஆகியவை அக்காலத்து இறந்தகால வடிவங்கள். இன்றைக்கு 'ஸ்போக்', 'ப்ரோக்' என்கிறோம். ஆனால் 'கம்மெத்', 'மேக்கெத்', 'கிவ்வெத்' என்று முடிபவை இறந்தகாலம் அல்ல, அவை நிகழ்காலம். பழமையான வடிவமாகத் தோன்றுவதனால் நடந்து முடிந்த செயல் என்று எண்ணிப் பலர் மயங்குகிறார்கள்.

'இல்லை' என்று சொல்லும்போது

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது நம்மிடையே மிகுதியாகக் கேட்கும் பிழை. 'டிட்' என்ற துணைவினை இறந்தகாலத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன்பின் வரும் வினைக்கு அந்தச் சுமை வேண்டியதில்லை. எனவே 'ஐ டிட் நாட் கோ'. கேள்வியிலும் அப்படியே: 'டிட் யூ கோ?' இதற்குத் தமிழே துணை நிற்கிறது. 'போகவில்லை' என்ற சொல்லில் 'போக' என்ற பகுதிக்குக் காலம் உண்டோ? இல்லை. 'போனேனில்லை' என்று நாம் சொல்வதில்லையே. 'போக' இருக்கும் இடத்தில் 'கோ' என்று வைத்துக்கொள்ளுங்கள், பிழை நேராது.

ஆனால் அதே 'இல்லை' இன்னோர் இடத்தில் நம்மைக் கைவிடுகிறது. 'அவர் வரவில்லை' என்ற வாக்கியம் தமிழில் எந்தக் காலம்? நேற்று வரவில்லை என்றும் சொல்லலாம், இன்னும் வரவில்லை என்றும் சொல்லலாம், நாளைக்கு நான் வரவில்லை என்றும் பேச்சில் சொல்கிறோம். ஒரே சொல் மூன்றையும் தாங்குகிறது. ஆங்கிலத்தில் மூன்றும் வெவ்வேறு: 'ஹீ டிட் நாட் கம் எஸ்டர்டே', 'ஹீ ஹேஸ் நாட் கம் யெட்', 'ஐ ஆம் நாட் கமிங் டுமாரோ'. மேற்பார்வையாளர் தொலைபேசியில் ஒரு தொழிலாளியைக் குறித்துக் கேட்கும்போது 'ஹீ நாட் கேம்' என்று பதில் சொன்னால், அவன் வராமலேயே போனானா, இன்னும் வருவானா என்பது அவருக்கு விளங்காது. ஒரு நாள் கூலி அந்த ஒரு சொல்லைப் பொறுத்திருக்கலாம்.

போனேனா, போயிருந்தேனா?

இது பெங்களூருக்கே உரிய பிழை என்று சொல்லத் தோன்றுகிறது. 'சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தேன்' என்கிறோம். போய்விட்டுத் திரும்பி வந்தாயிற்று என்ற பொருள் அந்த 'இருந்தேன்' என்பதில் அடங்கியிருக்கிறது. அழகான தமிழ். அதையே 'ஐ ஹேட் கான் டு மை நேட்டிவ் லாஸ்ட் வீக்' என்று சொல்லிவிடுகிறோம். கன்னடத்திலும் 'ஹோகித்தே' என்று இதே அமைப்பு உண்டு. ஆகவே பீன்யாவிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இந்த வாக்கியத்தைக் கேட்கும் எவரும் வியப்படைவதில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ தொலைபேசியில் பேசுகிறவர் இதைக் கேட்டால், வாக்கியம் முடியவில்லை என்று எண்ணிக் காத்திருப்பார். 'போயிருந்தேன்... அப்புறம் என்ன நடந்தது?' என்று கேட்பதுபோல் அவர் மௌனமாக இருப்பார். சென்ற வாரம் என்று காலத்தைச் சொல்லிவிட்டபடியால் 'ஐ வென்ட்' என்பதே போதும்.

அப்படியானால் 'ஹேட்' எதற்கு? இறந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, ஒன்று மற்றதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று காட்டுவதற்கு. யோவான் 11-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் பெத்தானியாவுக்கு வந்தபோது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாட்களாகியிருந்தன. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவத்தை ஆங்கிலத்தில் சொல்லும் ஆசிரியை, 'வென் ஜீஸஸ் கேம் டு பெத்தனி, லாசரஸ் டைட்' என்று சொன்னால், ஆண்டவர் வந்து சேர்ந்தார், உடனே லாசரு மரித்தான் என்ற பொருள் வந்துவிடும்! மார்த்தாளும் மரியாளும் பட்ட துக்கமெல்லாம் அந்த நான்கு நாட்களில் அல்லவா இருக்கிறது? 'லாசரஸ் ஹேட் டைட்' என்று சொல்லும்போதுதான் அந்த நான்கு நாட்கள் வாக்கியத்திற்குள் வருகின்றன. ரயிலுக்கும் இதே கணக்கு. 'வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்றால் நமக்கு ரயில் கிடைக்கவில்லை. 'த ட்ரெயின் லெஃப்ட்' என்றால், நாம் போய்ச் சேர்ந்ததும் புறப்பட்டது, ஒருவேளை நாம் ஏறியும் இருக்கலாம்.

இன்றுவரை நீடிப்பது

இம்மாதப் பாடத்தில் மிக முக்கியமான பகுதிக்கு வந்திருக்கிறோம். 'பத்து வருடமாகப் பெங்களூரில் இருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதைப் பெயர்த்து, 'ஐ ஆம் இன் பெங்களூர் ஸின்ஸ் டென் இயர்ஸ்' என்கிறோம். சிலர் இது பிழை என்று மட்டும் அறிந்து, திருத்துவதாக எண்ணி, 'ஐ வாஸ் இன் பெங்களூர் ஃபார் டென் இயர்ஸ்' என்கிறார்கள். முதலாவது கேட்பவருக்கு விளங்கிவிடும். இரண்டாவது இலக்கணத்தில் சரி, பொருளில் தவறு. பத்து வருடம் இருந்தேன், இப்போது இல்லை என்று அது சொல்கிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வில், 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று நீங்கள் சொன்னால், அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே குறித்துக்கொள்வார்கள். ஏன் விட்டீர்கள் என்ற அடுத்த கேள்வியும் வரும். இன்னும் அங்கேயே வேலை செய்கிறவர் 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றோ, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர்' என்றோ சொல்ல வேண்டும். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய நேரத்திற்கு 'ஸின்ஸ்': 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்', 'ஸின்ஸ் 2019'.

மருத்துவமனையில் இது இன்னும் கனமான காரியம். ஊரிலிருந்து வந்த தாயாரை அழைத்துக்கொண்டு, தமிழ் அறியாத மருத்துவரின் முன் உட்காருகிறீர்கள். 'அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்' என்று சொல்ல வேண்டும். 'ஷீ ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேய்ஸ்' என்றால், மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, நின்றுவிட்டது. 'ஷீ ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேய்ஸ்' என்றால், இந்த நிமிஷம் வரைக்கும் இருக்கிறது. 'ஹேஸ் ஹேட்' என்று இரண்டு சொற்கள் ஒட்டி வருவது காதுக்கு விநோதமாக இருக்கலாம்; கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதுதான் சரி. மருத்துவர் எழுதும் பரிசோதனை இந்த ஒரு சொல்லால் வேறுபடக்கூடும். மருந்தைக் குறித்தும் அவர் இரண்டு விதமாகக் கேட்பார். 'டிட் ஷீ டேக் த டேப்ளெட் திஸ் மார்னிங்?' என்றால் இன்று காலை மாத்திரை சாப்பிட்டார்களா என்று கேட்கிறார். 'ஹேஸ் ஷீ எவர் டேக்கன் திஸ் டேப்ளெட்?' என்றால் ஆயுளில் எப்போதாவது இந்த மாத்திரையைச் சாப்பிட்டதுண்டா என்று கேட்கிறார். ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்று அறிவதற்காகக்கூட இரண்டாம் கேள்வி வரலாம். இரண்டிற்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

'ஹேவ்', 'ஹேஸ்' சேர்த்த இந்த வடிவத்திற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு இது சேராது. 'நேற்றே வந்திருக்கிறார்' என்பது தமிழில் குற்றமில்லாத வாக்கியம். 'ஹீ ஹேஸ் கம் எஸ்டர்டே' என்பது ஆங்கிலத்தில் குற்றம். நேற்று, சென்ற வருடம், 2011-ல் என்று நேரத்தைச் சொன்னால் 'ஹீ கேம்'. நேரத்தைச் சொல்லாமல், நடந்ததன் பலன் இப்போது கண்முன் நிற்கிறது என்று காட்ட நினைத்தால் 'ஹீ ஹேஸ் கம்'. ஆகவே 'காட் ஹீல்ட் மீ இன் 2011' என்பதும் சரி, 'காட் ஹேஸ் ஹீல்ட் மீ' என்பதும் சரி. முதலாவது எப்போது நடந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, நான் இப்போது சுகமாக உங்கள் முன் நிற்கிறேன் என்று சொல்கிறது. 'காட் ஹேஸ் ஹீல்ட் மீ இன் 2011' என்று இரண்டையும் கலக்கும்போதுதான் பிழை.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று ஆங்கில சபைகளில் 'ஹீ இஸ் ரிஸன்' என்று ஒருவரையொருவர் வாழ்த்துகிறார்களே, அது 'ஹேஸ் ரிஸன்' என்றல்லவா இருக்கவேண்டும் என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. முற்காலத்து ஆங்கிலத்தில் போதல், வருதல், எழுதல் போன்ற அசைவைக் காட்டும் வினைகளுக்கு 'ஹேஸ்' என்பதற்குப் பதிலாக 'இஸ்' வந்தது. அந்த வாழ்த்தில் பழைய வடிவம் அப்படியே தங்கிவிட்டது. பொருள் ஒன்றே: எழுந்தார், இன்றும் உயிரோடிருக்கிறார்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று. யோவான் 19:30-ல் ஆண்டவர் சிலுவையில் சொன்ன வார்த்தை கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல். கிரேக்க இலக்கணத்தில் அது, செயல் முழுமையாய் முடிந்து அதன் பலன் தொடர்ந்து நிற்பதைக் காட்டும் வடிவத்தில் இருக்கிறது. வெறும் இறந்தகாலத்திற்கு அந்த மொழியில் வேறு வடிவம் உண்டு. யோவான் அதை எழுதவில்லை. ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'ஹேஸ்' சேர்த்துச் சொல்லும் வடிவம் இதற்கு நெருங்கிய உறவு. ஆங்கில இலக்கணம் கற்கப்போய் வேதத்தில் ஒரு வசனம் கூடுதலாக விளங்குமானால் அதுவும் ஆதாயமே.

'வந்துவிட்டேன்' என்னும் பொய்யல்லாத பொய்

சில்க் போர்டு சந்திப்பில் வாகன நெரிசலில் சிக்கியிருக்கிறோம். ஜெபக்கூட்டம் நடக்கும் வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. 'இதோ, வந்துவிட்டேன் ஐயா' என்கிறோம். வந்தோமா? இல்லை. இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். இதைப் பொய் என்று தமிழ் இலக்கணம் தள்ளிவிடவில்லை. இன்னும் உண்டு முடியாதவன் 'உண்டேன், வந்தேன்' என்று சொல்வதை, விரைவைக் காட்டுவதற்காக அனுமதிக்கப்பட்ட வழக்கு என்று தொல்காப்பிய உரைகள் விளக்குகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு இடமில்லை. 'ஐ ஹேவ் கம்' என்றால் வாசலில் நிற்கிறேன் என்று பொருள். கதவைத் திறந்து பார்ப்பார்கள். 'ஐ ஆம் ஆன் மை வே' என்று சொல்லுங்கள்.

வரப்போவதை வந்ததாகச் சொல்லும் இந்த வழக்கம் எபிரெய மொழியிலும் உண்டு. ஏசாயா 9:6-ஐத் திறந்து பாருங்கள். மேசியாவின் பிறப்பிற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட தீர்க்கதரிசனம், பிறந்தாகிவிட்டது என்ற வடிவத்தில் இருக்கிறது. நிச்சயத்தைக் காட்டுவதற்காகத் தீர்க்கதரிசிகள் இப்படிப் பேசினார்கள் என்று வேத அறிஞர்கள் சொல்லுவார்கள். நம்முடைய பேச்சு விரைவுக்காக, அவர்களுடையது நிச்சயத்திற்காக.

ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது வரும் மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'வருவேன் என்று போதகர் சொன்னார்' என்பதில் 'வருவேன்' என்பதை நாம் மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் 'சொன்னார்' என்பது முழு வாக்கியத்தையும் பின்னுக்கு இழுக்கும்: 'த பாஸ்டர் செட் ஹீ வுட் கம்'. 'வில்' என்பது 'வுட்' ஆயிற்று. 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும். இதை விரிவாகப் பின்னொரு மாதத்தில் பார்க்கலாம்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். சிறு வயதில் நாங்கள் ஊர் வாய்க்காலில் குளிப்போம். என் தம்பி மூன்று வருடமாகப் பீன்யாவில் வேலை செய்கிறான். சென்ற மாதம் தருமபுரிக்குப் போயிருந்தோம். மருத்துவர் இன்னும் வரவில்லை. நாங்கள் சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை தொடங்கிவிட்டிருந்தது. நேற்று நீ ஏன் வரவில்லை?

இதற்குமேல் ஆர்வமுள்ளவர்கள் தங்கள் சாட்சியைப் பத்தே வரிகளில் ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதிய பின் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கொடுத்து, 'வில்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள். அந்த இடங்களில் எத்தனை, உண்மையாகவே இனி நடக்கப்போகிறவை என்று இருவருமாகச் சேர்ந்து பாருங்கள். விடைகள் அடுத்த இதழில், எதிர்காலப் பாடத்தோடு.